எழுதாமல் விட்ட முதல் நம்பர்

போன மாதம் தீபா போன் செய்தாள். அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மருத்துவ நிலையத்தில் நான் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்.

"அக்கா, புது பிரஷர் மிஷின் வந்துருக்கு. கைய உள்ள வுட்டாப் போதும், அதுவே எடுத்து சீட்டு அடிச்சுக் குடுத்துடுது. அந்தப் பெஞ்சு சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, எடுத்துடலாமான்னு கேக்குறாங்க. நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஓய்வு பெற்றவளிடம் யோசனை கேட்டால் விடுவேனா. மறுநாளே குரும்பலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூரில் மாறி அரியலூர் போனேன். வழியெல்லாம் நின்றுகொண்டே பயணம். பக்கத்து ஸீட்டில் தன் பையை உட்கார வைத்திருந்த ஒரு ஆளோடு சின்னதாக ஒரு சண்டை வேறு. மூச்சு வாங்க உள்ளே நுழைந்ததும் தீபா என் கையைப் பிடித்து மிஷினுக்குள் விட்டாள். அது உறுமி, இறுக்கி, விட்டு, ஒரு சீட்டைத் துப்பியது. 164/96. தீபா சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது: "அஞ்சு நிமிஷம் குடு தீபா, எறக்கிக்..." அதோடு நிறுத்திக்கொண்டேன். அது என் வாக்கியமே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் கலியபெருமாள் என்கிற டிப்பர் டிரைவர் என்னிடம் சொன்னது. அதைக் கேட்டு நான் செய்த காரியத்தை இதுவரை மூன்று பேருக்குக்கூட நான் சொன்னதில்லை. தீபாவிடம், "எல்லாத்தையும் எழுதித் தரேன், படிச்சுட்டு பெஞ்சப் பத்தி முடிவு பண்ணு" என்று சொன்னேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது தா.பழூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகக் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருவில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் நான்தான். திருச்சியில் படித்தேன், இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் ஓடினேன், குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டேன், சுரங்கத்தில் வேலை கிடைத்தது. எனக்கு வேலையில் வேகம் அதிகம். பொறுமை என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். அது கைராசி இல்லை, அவசரம்.

நான் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்து டாக்டர் நஸீமா வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிட ஆறேழு வயது இளையவர். குரலை உயர்த்தவே மாட்டார். வந்த இரண்டாம் நாள் என் பிரஷர் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். எட்டுப் பக்கம் போன பிறகுதான் நிமிர்ந்தார்.

"சிஸ்டர், எல்லாருக்கும் பூஜ்யத்துலதான் முடியுது. நூத்தி முப்பது, நூத்தி நாப்பது, நூத்தி அம்பது. பாதரசம் உங்களப் பாத்து பயந்துக்கிட்டு பத்துப் பத்தா எறங்குதா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அது பாதரசக் கருவிகளின் காலம். கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். காற்றை மெதுவாக விட்டு, ஸ்டெதாஸ்கோப்பில் முதல் சத்தம் எந்தக் கோட்டில் கேட்கிறது, எந்தக் கோட்டில் அடங்குகிறது என்று பார்த்து எழுதவேண்டும். நான் காற்றைப் புஸ்ஸென்று திறந்துவிட்டு, பக்கத்தில் எந்தப் பத்து இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டிருந்தேன். காலை ஷிஃப்டில் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது வேறு எப்படி எடுப்பது என்று எனக்குள் முணுமுணுப்பு.

அந்த வாரமே அவர் ஒரு பெஞ்சைக் கேட்டு வாங்கினார். நாலு பேர் உட்காரலாம், முதுகு சாய்த்துக்கொள்ளலாம். வாசலைப் பார்த்துப் போடாமல் சுவரைப் பார்த்துப் போடச் சொன்னார். பிரஷர் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதில் அஞ்சு நிமிஷம். அரை மணி முன்னால் டீ, பீடி கூடாது. மூத்திரம் போய்விட்டு வந்திருக்கவேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது, பாதம் இரண்டும் தரையில் படவேண்டும். பேசக்கூடாது. சுரங்கத்தில் வெடி வைக்கும் சைரன் கேட்டுவிட்டால், வெடித்து முடித்து ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கிக் கால் மணி நேரம் போனபிறகுதான் கையில் பிரஷர் பட்டையைக் கட்டலாம்.

"அஞ்சு நிமிஷம் சொவத்தப் பாத்துக்கிட்டு என்ன மேடம் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"அவங்கவங்க சாமி பேர மனசுக்குள்ள சொல்லிக்கச் சொல்லுங்க. சாமி இல்லங்கிறவங்க மூச்ச எண்ணட்டும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு" என்றார்.

ஆரம்பத்தில் கூத்துதான். அந்தச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவர்கள் எல்லாம் ராசிபலன் படித்தார்கள். ஒருவருக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்ததில் பிரஷர் எகிறிவிட்டது. டாக்டர் காலண்டரைக் கழற்றி என் மேஜைக்குப் பின்னால் மாட்டினார். இன்னொருவர் உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டை விட்டார். எனக்கு ஒரே குஷி, நல்ல நம்பர் கிடைக்குமே என்று பட்டையைக் கட்டப் போனேன். "தூக்கத்துக்கு எழுதக் கூடாது சிஸ்டர். எழுப்பி மறுபடி உக்கார வைங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஆனால் மாசக்கணக்கில் பார்க்கப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவர் முருகா என்பார், ஒருவர் விரல் கணுவில் ஜெபமாலை எண்ணுவார், கிரஷர் மேஸ்திரி ஒருவர் வெறும் மூச்சை எண்ணுவார். எதுவாக இருந்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் தோள் கீழே இறங்கும். நாடியைத் தொட்டால் படபடப்பு அடங்கியிருக்கும். கத்திக்கொண்டு வந்தவர் எழுந்திருக்கும்போது மெதுவாகப் பேசுவார். அதில் ருசி கண்ட சிலர் வீட்டிலும் உட்கார ஆரம்பித்தார்கள். தூக்கம் வருகிறது என்றார்கள், வயிற்றெரிச்சல் குறைந்தது என்றார்கள், பீடி பாதியாகிவிட்டது என்றார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லது, விடாம உக்காருங்க. மாத்திரையையும் விடாமப் போடுங்க" என்பார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன் என்று பிற்பாடு தெரிந்தது.

அவர் மத்தியானம் பின்னறையில் தொழுவார். தொழுது முடித்தும் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு இருப்பார். "அது என்ன மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன். "திக்ரு. அவன் பேரச் சொல்றது. மனசு ஒரு எடத்துல நின்னா ஒடம்பு பின்னாடியே வந்துடும் சிஸ்டர். நீங்களும் உக்காந்து பாருங்க" என்றார். "எனக்கு எங்க மேடம் நேரம்" என்றேன். ஆயிரக்கணக்கான பேரை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தவள், ஒருநாளும் நான் அதில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அப்போது வாரத்தில் இரண்டு நாள் தலைவலி. வீட்டில் நான் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எனக்கு வேலை எப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

இப்போது கலியபெருமாளுக்கு வருகிறேன். தா.பழூர் பக்கத்துக்காரர்தான், கொஞ்சம் நிலம் உள்ள விவசாயக் குடும்பம். வயது நாற்பத்து நாலு. சுரங்கக் குழியிலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு கிரஷருக்கு டிப்பர் ஓட்டுகிறவர். நல்ல டிரைவர், மோசமான வாய். எதிரே வருகிற வண்டி ஒரு சாண் ஒதுங்காவிட்டால் அந்த டிரைவரின் மூன்று தலைமுறையை இழுப்பார். வருஷாந்தர பரிசோதனையில் அவருக்கு 172/106 வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பிறகு வந்த நம்பர் அது.

டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். "மூணு மாசம் தரேன். பிரஷர் கட்டுக்கு வரலன்னா வண்டியில ஏத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கலியபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டரம்மா, ஸ்டேரிங்க வுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. பத்தொம்பது வயசுல புடிச்சது. எறக்கிக் கூட்டற வேலைக்கு அனுப்பிட்டா எம்பொண்ணு முன்னாடி நான் எப்படி நிக்கிறது?" என்றார். மகள் பெரம்பலூரில் காலேஜ் முதல் வருஷம். அப்பா ஓட்டுகிற வண்டியைத் தோழிகளுக்குக் காட்டுகிற பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், காலையில் இருபது நிமிஷம் உட்காரச் சொன்னார். மாசம் ஒருமுறை மாத்திரையின் காலி அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டவேண்டும். எல்லாருக்கும் அதே விதிதான்.

அந்த மனிதர் உட்கார்ந்தாரே ஒரு உட்கார்தல். வயலில் மோட்டார் கொட்டாய் ஒன்று உண்டு. விடிந்ததும் அங்கே போய்ச் சாக்கை விரித்து, குலசாமி ஐயனார் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு உட்காருவார். இருபது நிமிஷம் நாற்பதாயிற்று. மூன்றாம் மாசம் 136/86. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற டிரைவர்கள் சாமியார் என்று கேலி செய்தார்கள், அவர் சிரித்துக்கொண்டு வழி விட்டுப் போனார். அவர் சம்சாரம் ஒருநாள் வேறு வேலையாக வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எங்க வூட்ல இப்பல்லாம் சோத்துத் தட்டு பறக்கறதில்ல. அவரே தட்டக் கழுவி வக்கிறாருன்னா பாத்துக்குங்க" என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் கலியபெருமாளைப் பார், கலியபெருமாளைப் பார் என்று நானே சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த நாள் கண் பரிசோதனை முகாம். பெஞ்சு முழுக்க ஆள், வாசல்வரை வரிசை. டாக்டர் உள்ளறையில் முகாமுக்கு வந்திருந்தவர்களோடு இருந்தார். கலியபெருமாள் தன் மாசாந்தரப் பரிசோதனைக்கு வந்தார். காலி அட்டையைக் காட்டினார். உட்கார இடமில்லை, எனக்கோ அவசரம். "வாங்க கலியபெருமாளு, நிக்க வேண்டாம், உங்களுக்கென்ன, எடுத்துட்டு அனுப்பிடுறேன்" என்று ஸ்டூலில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினேன்.

168/102.

ரப்பர் குமிழைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். "மாத்திரை போடுறீங்கல்ல?"

"போடுறேன் சிஸ்டர்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "அஞ்சு நிமிஷம் குடுங்க சிஸ்டர், எறக்கிக் காட்டுறேன்" என்றார்.

பெஞ்சிலிருந்து ஒருவரை எழுப்பி அவரை உட்காரவைத்தேன். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கண்ணை மூடினார். ஒரு நிமிஷத்தில் முகம் மாறியது, தோள் தளர்ந்தது, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும்படி அடங்கியது. அஞ்சு நிமிஷம் கழித்து எடுத்தேன். 138/86. ஒன்றுக்கு இரண்டுமுறை எடுத்தேன், அதேதான். "சித்து வேல தெரிஞ்ச ஆளுய்யா" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு என்னவோ நானே செய்துகாட்டினதுபோல் பெருமை. ரிஜிஸ்டரில் 138/86 என்று எழுதினேன். 168ஐ எழுதவில்லை. டாக்டரிடம் சொல்லவும் இல்லை. உட்கார்ந்த பிறகு வருவதுதானே கணக்கு, விதிப்படிதானே எழுதுகிறோம் என்று ஒரு சமாதானம். அதையும் மீறி உள்ளே ஒன்று உறுத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பதினேழாம் நாள் காலையில் குழியிலிருந்து போன். கலியபெருமாள் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அடிக்கிறார், வாய் கோணியிருக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸில் நானே போனேன். ஏற்றுப் பாதை தொடங்குகிற இடத்தில் முழு லோடோடு டிப்பர் நின்றது. அவர் இடது பக்கமாகச் சாய்ந்து, வலது கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். பிரஷர் 214/124. டாக்டர் முதலுதவி பார்த்துக் கூடவே ஆள் போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்.

என்ன நடந்தது என்பதை அவர் பிறகு எனக்குச் சொன்னார். லோடு ஏற்றியதும் வண்டியைக் கிளப்புமுன் மூன்று மூச்சு நிதானமாக விடுவது அவர் பழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் விட்டிருக்கிறார். "இடது கை கியர் மேல இருக்கு சிஸ்டர். இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. முன்னையா இருந்தா மரத்துப்போச்சுன்னு ஒதறிட்டு ஏத்தியிருப்பேன். அன்னிக்கு என்னமோ இது வேறன்னு தெரிஞ்சுச்சு. பிரேக்க மிதிச்சேன், இஞ்சின ஆஃப் பண்ணேன்." ஏற்றத்தில் பாதி போன பிறகு அந்தக் கை விழுந்திருந்தால் வண்டி லோடோடு பின்னால் உருண்டிருக்கும். கீழே தண்ணீர் லாரி ஒன்றும், அதன் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

அவரை அனுப்பிவிட்டு வந்த மத்தியானம் டாக்டர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நான் போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். "மேடம், போன தடவ அவருக்கு வந்ததும் நூத்தி அறுபத்தெட்டு இருந்துச்சு. நான் எழுதல" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. பிறகு, "ரிஜிஸ்டர எடுத்துட்டு வாங்க" என்றார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், அன்று 168/102 இருந்ததை எழுதாமல் விட்டேன் என்று, எழுதுகிற நாளின் தேதி போட்டு என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். அதன் கீழே அவர், வந்ததும் எடுக்கும் அளவையும் குறிக்கவேண்டும் என்று நான் முறை ஏற்படுத்தாதது என் பிழை என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

"அவர் உக்காந்தது தப்பில்ல சிஸ்டர். உக்காந்ததுல எறங்கினதும் நெசந்தான்" என்றார். "ஆனா அது அந்தப் பெஞ்சுல இருக்கற அஞ்சு நிமிஷத்துக்கு. மிச்ச நேரமெல்லாம் அந்த ரத்தக் கொழா நூத்தி அறுபத்தெட்டோடதான இருந்துருக்கு."

மறுநாள் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடியது. வந்ததும், உட்கார்ந்தும் என்று இரண்டு. நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

மாத்திரை விஷயம் டாக்டரும் நானும் தஞ்சாவூருக்குப் பார்க்கப் போனபோதுதான் வெளியில் வந்தது. நாலு மாசமாக அவர் மாத்திரை போடவில்லை. ஒவ்வொன்றாகப் பிதுக்கி மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் போட்டுவிட்டு, எனக்குக் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. ஏன் என்று டாக்டர் கேட்டார். நாக்கு குழறக் குழறச் சொன்னார்: "சாமி பேரையும் சொல்லிக்கிட்டு மாத்திரையும் போட்டா, சாமிய முழுசா நம்பலன்னு ஆயிடாதா டாக்டரம்மா?"

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் அஞ்சு வேளையும் தொழுறேன். தைராய்டுக்கு தெனம் ஒரு மாத்திரையும் போடுறேன். அல்லாஹ் இதுவரைக்கும் என்கிட்ட கோவிச்சுக்கல. உங்க ஐயனாரும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். கலியபெருமாளின் வாய் கோணாத பக்கம் மட்டும் சிரித்தது. நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. சோற்றில் கை வைத்தால் 168. பஸ்ஸில் கண்ணை மூடினால் 168. பத்து நாள் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மத்தியானம், "சிஸ்டர், ஆள் யாரும் இல்ல. போய் பெஞ்சுல உக்காருங்க" என்றார். உத்தரவுபோல் இருந்ததால் போய் உட்கார்ந்தேன். பதினேழு வருஷம் வேலை பார்த்த இடத்தில் அந்தச் சுவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எங்கள் குலசாமி செல்லியம்மன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், அது இரண்டாவது மூச்சிலேயே பேரமாக மாறிவிட்டது. அவர் கையைச் சரிபண்ணிக் கொடு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று. டாக்டரிடம் சொன்னேன். "அப்ப கொஞ்ச நாளைக்கு மூச்ச மட்டும் எண்ணுங்க. மூச்சுகிட்ட பேரம் பேச முடியாதுல்ல" என்றார்.

எண்ணினேன். முதல் மாசம் நரகம். எழுந்து ஓடலாம்போல் இருக்கும். இரண்டாம் மாசம் ஒருநாள் பத்துவரை தவறாமல் எண்ணிவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் விடவில்லை. காலையில் வீட்டிலும் உட்கார்ந்தேன். தலைவலி எப்போது நின்றது என்றே தெரியவில்லை, நின்றுபோனது மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரர், "கதவுக்கு எண்ண போட்டியா, சத்தமே இல்லையே" என்று கிண்டல் செய்தார். பட்டையைக் கட்டும்போது எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. எவ்வளவு அவசரத்திலும் என் ரிஜிஸ்டரில் நம்பர்கள் இரண்டிலும் நாலிலும் எட்டிலும் முடிந்தன.

எட்டு மாசம் கழித்து ஒருநாள் காலை கலியபெருமாள் வந்தார். இடது காலை இழுத்து நடந்தார். இடது கை மடங்கியே இருந்தது. டிப்பர் போயிற்று. எடைமேடையில் வண்டி நம்பர் குறிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பெஞ்சுப் பக்கம் போகாமல் நேராக என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"இப்ப எடுங்க சிஸ்டர். உக்காரறதுக்கு முன்னாடி."

148/92. எழுதினேன். பிறகு பெஞ்சில் உட்காரவைத்து எடுத்தேன். 134/84. அதையும் எழுதினேன். ஜன்னல் வழியே டிப்பர்கள் வரிசையாகப் போயின. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுந்திருக்கும்போது, "நீங்களும் டாக்டரம்மாவும் இல்லன்னா நான் இல்ல" என்று கும்பிட ஒரு கையை மட்டும் தூக்கினார். மறுகை வரவில்லை. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கவேண்டும், அன்றைக்கு 168ஐ எழுதாமல் விட்டவள் நான்தான் என்று. அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருஷமாக வரவில்லை.

இப்போது மறுபடி மிஷினுக்கு. "எறக்கிக்..." என்று ஆரம்பித்ததை நிறுத்திவிட்டு, "எழுதிக்க தீபா, வந்ததும் நூத்தி அறுபத்துநாலு" என்றேன். பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அஞ்சு நிமிஷம் கழித்து மிஷின் 146/90 என்று சீட்டு அடித்தது.

"எறங்கிடுச்சுல்லக்கா" என்றாள் தீபா சந்தோஷமாக.

"எறங்குச்சு. ரெண்டையும் எழுது" என்றேன்.

டாக்டர் நஸீமா இப்போது பெரம்பலூரில் சொந்தமாகப் பார்க்கிறார். திரும்புகிற வழியிலேயே போய் இரண்டு சீட்டையும் நீட்டினேன். "கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க சிஸ்டர்?" என்றார். மூன்று வருஷம் இருக்கும் என்றேன். ஏன் என்றார். "தெனமும் உக்கார்றேனே மேடம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. ஒரு வாரம் காலையும் மாலையும் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், பிறகு மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, உட்கார்ந்து எழுந்ததும் போடுகிறேன்.

தீபா, பெஞ்சு இருக்கட்டும். மிஷினை அதற்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்தே இருக்கட்டும்.

இதை எழுதிவிட்டு, அச்சுக்கோ யார் கண்ணுக்கோ போகுமுன் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகவேண்டும் என்று கலியபெருமாளுக்குப் போன் போட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, வயலில் இருந்தார். எனக்கும் பிரஷர் வந்ததைச் சொன்னேன். "நீங்களுமா சிஸ்டர்" என்று சிரித்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண் முகாம் நாளைச் சொன்னேன். எழுதவில்லை, டாக்டரிடம் மறைத்தேன், மன்னிச்சுக்குங்க என்றேன். அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"அது எனக்குத் தெரியும் சிஸ்டர்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு உங்க பேனாவையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். மொத நம்பர எழுதிடுவீங்களோ, வண்டிய வுட்டு எறக்கிடுவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒதறுது. நீங்க எழுதல. வெளிய போயி வேப்பமரத்தடியில நின்னு ஐயனாருக்குக் கும்புடு போட்டேன். ரெண்டு பேருமாச் சேந்துதான சிஸ்டர் மறச்சோம்" என்றார். "அப்புறம் ரிஜிஸ்டர்ல ரெண்டு கட்டத்தப் பாத்தப்பவே, என்னால உங்களுக்கு டாக்டரம்மாகிட்ட கெட்ட பேரு ஆயிடுச்சேன்னு நான்தான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவரே கேட்டார்.

"மாத்திரை போடுறீங்கல்ல?"

"போடுறேன்."

"காலி அட்டையத் தூக்கிப் போட்டுறாதீங்க. அடுத்த மாசம் பொண்ணு வூட்டுக்குப் பெரம்பலூர் வரேன். அப்புடியே வந்து பாக்குறேன். மொதல்ல கொட்டாய்க்குப் பின்னாடி பாத்துட்டுத்தான் அட்டையப் பாப்பேன்" என்றார்.

என் வீட்டில் கொட்டாய் இல்லை. அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.